தலைமாடு

போர்ட் அகஸ்டாவில் கடல் முடிகிறது.
முடிகிற இடத்தில்தான் அதிகம் கரிக்கிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை ஷிப்ட் முடிந்து
பழைய பாலத்தடியில் கால் நனைத்தேன்.
வீட்டுக்கு வந்து பார்த்தால்
கணுக்காலைச் சுற்றி வெள்ளை வளையம்.
அடிலெய்டு கடற்கரையில் இவ்வளவு தடிப்பாய் விழுந்ததில்லை.

நான் டயாலிசிஸ் நர்ஸ்.
நான்காம் நாற்காலியில் மிலோராட்.
ரயில்வேயில் தண்டவாளம் பூட்டியவர்.
இப்போது ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் கூடாது.
ஐஸ் துண்டை ஒரு கன்னத்தில் அதக்கியபடி கேட்டார்:
"ஆறே வராத வளைகுடாவுக்கு
உப்பு மட்டும் எங்கிருந்து வந்தது, சிஸ்டர்?"

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்ந்தவள்.
இதற்கு இட்டவர் யாரென்று ஒருநாளும் யோசித்ததில்லை.

மழை பாறையை நக்கியது.
நக்கியதை ஆறுகள் சுமந்தன,
உலகத்தில் எங்கெங்கோ ஓடியவை,
ஓடி வற்றியவை, பெயரே வைக்கப்படாதவை.
கடலடி எரிமலைகளும் தம் பங்குக்குக் கொஞ்சம்.
ஆற்றில் நாக்குக்கு அகப்படாத உப்பு
கடலில் கோடி வருஷத்துப் பாக்கி.

அந்தக் கடல் இங்கே
முந்நூறு கிலோமீட்டர் நிலத்துக்குள் வந்து படுத்துவிட்டது.
கால்மாடு தெற்கே. தலைமாடு எங்கள் ஊர்.
ஜனவரியில் நாற்பத்திரண்டு டிகிரி.
மழை தூறினால் ஆளாளுக்குப் போட்டோ எடுக்கிறார்கள்.
வெயிலோ தினமும் வருகிறது,
வட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு
அசலை அப்படியே விட்டுப்போகிற ஆள் மாதிரி
தண்ணீரை எடுத்துக்கொண்டு போகிறது.

கண்டல் மரங்கள்
இலையில் வியர்த்த உப்பைத் துடைக்காமல் நிற்கின்றன.
ஒன்றைப் பறித்து நக்கிப் பார்த்தேன்.
நக்கியிருக்க வேண்டாம்.

மிலோராடிடம் இவ்வளவும் சொல்லவில்லை.
"தண்ணீர் போகிறது, உப்பு போவதில்லை" என்றேன்.
"எனக்கு இரண்டுமே போவதில்லை" என்றார்.
எடை மூன்று கிலோ கூடியிருந்தது.
ஞாயிற்றுக்கிழமை எங்கோ மீன் வறுவல். கேட்டால் மறுப்பார்.
கேட்கவில்லை.

"ஜூன் வரட்டும்" என்றேன்.
இரவுகள் குளிரும்போது
உப்பேறிக் கனத்த நீர் அடியில் அமிழும்,
மேலே கட்டிய படகுகூட அசையாது.
தரையோடு தரையாகத் தெற்கே நழுவி
வாயைத் தாண்டி ஆழத்தில் இறங்கும்.
காலியான இடத்துக்கு
கொஞ்சம் கரிப்புக் குறைந்த கடல் உள்ளே வரும்.

"வாரத்துக்கு எத்தனை தடவை?"

"வருஷத்துக்கு ஒரு தடவை."

அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.
ஜன்னலுக்கு வெளியே
இஸ்திரி போட்ட மாதிரி கிடந்தது நீர்.
மெஷின் கூவியது.
ஊசியை எடுத்தேன், பஞ்சை வைத்தேன், அழுத்திப் பிடிக்கச் சொன்னேன்.

பிடித்துக்கொண்டே கேட்டார்:
"அது ஜூனில் எத்தனை கிலோ குறையும்?"

என் சார்ட்டில் அதற்குக் கட்டம் இல்லை.