நெல்லுத் தள்ளும்

வெங்காயக் கொட்டில்
நாலு பக்கமும் பல்லிளித்தபடி நின்றது.
பனஞ்சலாகைகளுக்கு நடுவே
இரண்டு விரல் போகும்.
காற்றுக்காக அப்படி அடித்தது.

இந்த மாசி, வாதரவத்தை வயலில்
எழுபத்தொரு மூடை.
சுன்னாகத்து வியாபாரி லொறியோடு வந்து சொன்ன விலைக்கு
உரக்காசுதான் தேறும்.
ஆடி மட்டும் வைச்சிருப்பம் என்றேன்.
எங்கை, என்றார் இவர்.
நான் கொட்டிலைப் பார்த்தேன்.

அன்ரனிப்பிள்ளை வந்தான்.
அளவுநாடாவை எடுக்கவில்லை,
தோளைச் சுவரில் வைத்து ஒரு தள்ளு.
‘வெங்காயம் தொங்கும் அக்கா.
நெல்லுத் தள்ளும்.
தண்ணி மாதிரி,
ஆனா தண்ணியைவிடப் பிடிவாதம்.’

பிடி கட்டித் தூக்கிய குறுக்குத் தடிகளைக் கழற்றினோம்.
உள்ளுக்குத் தகரம்.
அது எங்கள் பழைய கூரை,
எங்களோடு மூன்று ஊர் போய்த் திரும்பியது.
மகள் வெயிலுக்குப் பிடித்துப் பார்த்து
சன்னம் போன இடமெல்லாம் கரியால் வட்டம் போட்டாள்.
இருபத்தாறு.
ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டுத் தார்.
எலிக்கு எது எப்ப நடந்ததென்று தெரியாது,
ஓட்டை தெரியும்.

சுவரை அடைத்தாயிற்று,
நெல்லும் மூச்சு விடவேணுமே.
நடுவில் ஒரு பிளாஸ்ரிக் குழாய் நிறுத்தி
பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துளை போட்டு
நுளம்புவலை சுற்றினான்.
வெளியே, மயிலிட்டியில் வாங்கிய
வள்ளத்துக் கம்பிக்கயிறு:
அடியில் நெருக்கி நாலு சுற்று,
மேலே ஒன்று போதும் என்றான்.
பாரம் காலில்தான் இருக்குமாம்.

நாற்பதாவது மூடையில் மேற்குச் சுவர் முனகியது.
ஒருவரும் கதைக்கவில்லை.
ஐம்பத்தெட்டில் நான் கை காட்டினேன்.
மிச்சம் பதின்மூன்றும்
அந்த வியாபாரிக்கே, அந்த விலைக்கே.

வைகாசியில் ஒருநாள்
முழங்கை மட்டும் நெல்லுக்குள் விட்டேன்.
மேலே குளிர், உள்ளே
காய்ச்சல்காரப் பிள்ளையின் கழுத்து.
குழாய் மூடியைத் திறந்துவிட்டு
இரவிரவாய்ச் சோளகத்தைக் காவல் வைத்தேன்.
விடிய, சூடு இறங்கியிருந்தது.

ஆடியில் அவன் திரும்பி வந்தான்.
ஒரு நெல்லைக் கடித்து
மூக்கைச் சுருக்கினான்.
‘என்ன மணம் இது?’
‘முந்தி இருந்தவையின்ர மணம்’ என்றேன்.
‘அவிச்சாப் போயிடும்.’
விலையை இந்தமுறை
நான் முதலில் சொன்னேன்.
அவன் லொறியைச் சுற்றி ஒருதரம் நடந்துவிட்டு
சாக்குகளை இறக்கச் சொன்னான்.

கொட்டில் வெறுமையானபின்
அன்ரனிப்பிள்ளை கயிறுகளைத் தளர்த்தினான்.
மூன்று சுவர் நிமிர்ந்தன.
மேற்குச் சுவர்
வயிறு தள்ளினபடியே நிற்கிறது.