பார்சல், ஏற்காடு அஞ்சலகம்

கேப்டன் வினோலியா,
எண், கள மருத்துவமனை,
ஐம்பத்தாறு ஏ.பி.ஓ.
நாடு எழுத இடமே இல்லை
உன் முகவரியில்.

"டில்லிக்கு ஆகுற காசுதாங்க"
என்கிறார் ரெஜினா அக்கா.
அங்கிருந்து தெற்கு சூடான் வரைக்கும்
மீதித் தூரம் இலவசம்.

அரைக்கிலோ காப்பித்தூள்.
நீ கேட்ட நைலான் கயிறு.
பாப்பா வரைந்த யானை,
கால் ஐந்து, தும்பிக்கை தனி.

பதினெட்டாவது வளைவில்
பைக் சறுக்கியதை எழுதவில்லை.
வலது மணிக்கட்டில் கட்டு.
எழுத்து கோணியதற்கு
குளிரில் விரல் விறைத்ததாகச் சொல்லியிருக்கிறேன்.

போன கடிதத்தில்
உன் எழுத்தும் நடுங்கியிருந்தது.
ஓடும் ஜீப்பில் எழுதினேன் என்றாய்.
தேதியோ, ஊரடங்கு என்று
செய்தியில் சொன்ன தேதி.

நான் கேட்கவில்லை.

ரெஜினா அக்கா முத்திரை குத்துகிறார்.
மேசை ஒருமுறை குலுங்கி
நிற்கிறது.