வல்வேல்

லிங்கராஜபுரம் பாலத்தடியில், மாவுமில்லுக்கு மேல்மாடியில்
இருபத்தொரு நர்ஸுகள் ஜெர்மன் படிக்கிறோம்,
நைட் டூட்டி முடித்த கண்களோடு.
மேசை ஆண், கதவு பெண்,
சிறுமி மட்டும் இரண்டுமில்லை
என்கிற மொழி.

நேற்று ரோகிணி பட் மேடம்
வீட்டு ஆட்களின் பெயர் கேட்டார்.
என் முறை வந்ததும் சொன்னேன்: கணவர், ஜெரார்டு.
"அட, அவங்க பேருதான் அது. அங்கே கெர்ஹார்ட்.
கெர்னா ஈட்டி, பழைய சொல்.
ஹார்ட்னா உரம், உறுதி."

பஸ்ஸில் தமிழாக்கிப் பார்த்தேன்.
வல்வேல்.
சிரித்துவிட்டேன். கண்டக்டர் மறுபடி டிக்கெட் கேட்டார்.

லிஃப்ட் மெக்கானிக். பதினாலாம் மாடிக் குழிக்குள்
ஒற்றைக் கயிற்றில் இறங்குகிறவன்
ஊசியைக் கண்டால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வான்.
நான் போட்ட தடுப்பூசிக்கு
அவன் பிடித்த பிடியில்
என் கல்யாண வளையல் நெளிந்தது.
இன்னும் தட்டையாக்கவில்லை.

எந்தக் காட்டிலோ எவனோ எறிந்த ஈட்டி
நூற்றாண்டுகள் பறந்து
இத்தாலியில் ஒரு தையல்காரர் வீட்டில் முனை மழுங்கி,
புனிதராகி,
பிள்ளைத்தாய்ச்சிகளுக்குத் துணையாகி,
இரண்டு கரு கலைந்த என் அத்தைக்கு
கோலார் தங்கவயல் ஆஸ்பத்திரியில்
தலையணைக்கடியில் படமாக வந்து படுத்தது.
பிறந்தவனுக்கு அதே பெயர்.

அத்தை வாயில் 'ஜெ' நிற்காது.
"சேரா, சாப்பிட வா."
சேராதவன் எப்படிடா வருவான் என்று
பள்ளிக்கூடம் முழுக்கக் கேலி.

கீழ்வீட்டு வேலாயுதத்தோடு இவனுக்கு
பைக் நிறுத்தும் தகராறு, ஆறு வருடமாக.
இரண்டு பேர் பெயரிலும் ஒரே ஆயுதம் என்பதை
இருவரிடமும் நான் சொல்லவில்லை.
சொன்னால் சமாதானம் ஆகலாம்.
ஆகாமலும் போகலாம்.

விசா எனக்கு மட்டும்தான் இப்போது.
உடன் வருபவர் என்ற கட்டத்தில்
கோடு கிழித்திருக்கிறேன்.
குடும்பம் பிறகு, ஒரு வருடமோ இரண்டோ,
ஏஜெண்ட் இரண்டு விரலையும் காட்டினார்.

ராத்திரி அர்த்தம் சொன்னேன்.
கிரீஸ் போகாத உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
"ஈட்டி நான்ங்கிற.
பறக்கப்போறது நீதானே?"

பதில் சொல்லாமல் விளக்கை அணைத்தேன்.
நெடுநேரம் கழித்து, நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து,
இருட்டில் தனியாகச் சொல்லிப் பார்த்தான்,
மீன்முள் சிக்கியவன் தொண்டையைச் செருமுவதுபோல:
கெர்.
கெர்.
கெர்ஹார்ட்.