ஈரம் கழித்து

மாசிக் கடைசியில் சம்மாந்துறை மில் வாசலில்
இரவு பதினொரு மணிக்கும்
பெட்டி பூட்டிய உழவு மெஷின்கள் ஏழெட்டு நிற்கும்.
தராசு என் பொறுப்பு.
கொப்பியின் முன்பக்கம் நெல்லுக் கணக்கு.
பின்பக்கம் அண்டங்களின் கணக்கு.

யதுர்ஷன் காரைதீவிலிருந்து வருகிற நாட்டாமை.
மூட்டை தூக்கித் தோலுரிந்த கையால்
மாதம் ஒரு படக்கதை கீறுவான், எண்பது பக்கக் கொப்பியில்.
வாசகர் இருவர்: நானும் லொறி டிரைவர் நுஸ்கியும்.
ஆருக்கு வலிமை கூட என்று கேட்டால்
பீடியைக் கை மாற்றுவான், சொல்லமாட்டான்.
அதனால் நாங்களே தரப்படுத்தினோம்.

முதலாமிடம் அண்டந்தின்னி.
மூன்றாம் கொப்பியில், ஒரு கொட்டாவிக்குள்
நாற்பது பேரண்டங்களை விழுங்கியவன்.
"நாற்பதையும் கீறிக் காட்டினானா?
படத்தில ரெண்டுதான் இரிக்கி.
மிச்சம் முப்பத்தெட்டும் அவன்ட வாய்."
சரி. பச்சை நெல்லுக்குச் செய்வதையே செய்தேன்:
ஈரம் கழித்து, இரண்டு என்று எழுதினேன்.
அதிலும் ஒன்றில் ஆட்களே இல்லை.
வெறும் அண்டத்தை அழித்தால் முழுப் புள்ளியா, அரையா?
அதற்கே இரண்டு இரவு போனது.

மறுகா தும்மற்காரி.
மூக்கில் உமி ஏறி அவள் தும்ம
தெறித்ததெல்லாம் வெள்ளிகள்.
"வேணுமெண்டு செய்யாதது வலிமையா?"
"நெல்லு வேணுமெண்டா முளைக்கிது?"
மூன்று அண்டம் அவளுக்குப் போட்டேன்.
ஆக்குவது பெரிதா அழிப்பது பெரிதா என்றதில்
நுஸ்கி ஒரு கிழமை என்னோடு பேசவில்லை,
தேத்தண்ணி மட்டும் வாங்கித் தந்தான்.

கண்ணால் கண்டதே செல்லும்,
வாய்ச்சொல் செல்லாது.
சிவப்புப் பேனையால் சட்டம் எழுதி
இருவரும் ஒப்பமிட்டோம்.

அன்று ஏழு மெஷின். ஐந்தாவது பல்கீஸ்.
மல்வத்தைப் பக்கம் குத்தகைக் காணி,
நாற்பத்திரண்டு மூட்டை.
பெட்டி விளிம்பில் குந்தியிருந்து எல்லாம் கேட்டவள்
கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டாள்:
"அண்டம் முழுக்கத் திண்டவன்
எங்க நிண்டு திண்டான்?"
நுஸ்கி வாயைத் திறந்து மூடினான்.
யதுர்ஷன் சிரித்தான்.
"அதத்தான் நானும் நாலு மாசமா யோசிக்கிறன்."

அவள் முறை வந்தது.
ஈரம் பதினாறு. ஒத்துக்கொண்டாள்.
மூட்டைக்கு இரண்டு கிலோ சாக்குக் கழிவு என்றேன்.
முதலாளியின் சொல், பழகிய கை.
பதில் சொல்லாமல் இறங்கினாள்.
வெறும் சாக்கொன்றை உதறி, நாலாய் மடித்து,
தட்டின் நடுவில் வைத்தாள்.

முள் அசையவில்லை.

பூச்சி மொய்த்த குமிழுக்குக் கீழே
நாலு பேரும் முள்ளையே பார்த்தோம்.
"இல்லாத ரெண்டு கிலோவ உண்டாக்கிரிக்கான்,"
நுஸ்கி மெதுவாகச் சொன்னான், தரப்படுத்தும் அதே குரலில்.
"மறுகா அதையே அழிச்சும் இரிக்கான்.
போகத்துக்கு எத்தின மூட்டை?"
நான் சொல்லவில்லை.
முன்பக்கத்தில் கூட்டி வைத்திருக்கிறேன்.
பதினெட்டாயிரத்துச் சொச்சம்.

பல்கீசின் பில்லில் சாக்கை வெட்டினேன்.
ஆறாவது ஆளுக்கும் வெட்டினேன்.
ஏழாவது மூட்டைகள் தட்டில் ஏறும்போது
முதலாளியின் மோட்டார் சைக்கிள் வெளிச்சம்
வாசலில் விழுந்தது.
இரண்டு என்று எழுதினேன்.

பங்குனிக் கொப்பி வந்திருக்கிறது.
அண்டந்தின்னி வயிறு நிறைய நிற்கிறான்,
ஒரு தராசுத் தட்டின் மேல்.
முள் பூச்சியத்தில்.
பக்கத்தில் பெயரில்லாத ஒருவன்.
முகம் இன்னும் கீறப்படவில்லை.

"இவன எங்க போடுற?" நுஸ்கி கேட்கிறான்.
கண்ணால் கண்டது. சட்டப்படி செல்லும்.
பின்பக்கத்தில் இடமும் இருக்கிறது.
பேனையைக் காணவில்லை என்கிறேன்.
"காதில இரிக்கி" என்கிறான்.