மிக அருகில் இருப்பவை

நியூ மெக்சிகோ. மலையுச்சி. மதியம் இரண்டு மணி.
வண்டிச் சக்கர அகலத்தில் ஓர் அலுமினியத் தட்டு,
அதில் அறுநூற்று நாற்பது துளைகள்.
டெல்ஃபினா ட்ருஹியோ ஒவ்வொன்றிலும்
ஒரு கண்ணாடி இழையைச் செருகுகிறாள்.
ஒரு துளைக்கு ஒரு விண்மீன் பேரடை.
சில துளைகள் மட்டும் வெறும் இருட்டுக்கு.
இருட்டையும் அளந்தால்தானே கழிக்க முடியும்.

பிஸ்தாத் தோட்டத்தில் பதினோரு வருடம்
பருப்பு பொறுக்கிய விரல்கள்.
இழை முறியப் போவது
முறிவதற்கு முன்பே அவற்றுக்குத் தெரியும்.
எதிரில் வெண்டல் ஓயாமல் பேசுவான்:
டயர் விலை, முழங்கால், மகளின் பல்கம்பி.

இரவில் தட்டு தொலைநோக்கிக்குள் ஏறும்.
ஒளி இழைவழி இறங்கி நிறங்களாய்ப் பிரியும்.
சிவப்புப் பக்கம் எவ்வளவு நழுவியதோ
அவ்வளவு தொலைவு.
அவ்வளவுதான் கணக்கு, என்பார் ஹால்வர்சன்.
பிறகு தலையைச் சொறிவார்.

கொத்துக்குள் எதுவும் சும்மா இருப்பதில்லை.
ஒன்று நம் பக்கம் விழும், ஒன்று விலகி ஓடும்.
அந்த ஓட்டத்தையும் தொலைவென்றே
எழுதிக்கொள்கிறது கணக்கு.
உருண்டையாய் இருந்த கொத்து
வரைபடத்தில் நீண்டு விரலாகிவிடும்.
எல்லா விரல்களும் நம்மையே சுட்டும்.

முதன்முறை பார்த்தபோது டெல்ஃபினா
திரையிலிருந்து ஓரடி நகர்ந்து நின்றாள்.
"நாம் என்ன செய்தோம்?"
"ஒன்றுமில்லை. அளந்தோம்."

இன்று வேறொரு சந்தேகம்.
கொத்தின் நடுவில், நெரிசலில், இரண்டு பேரடைகள்.
ஒன்றுக்குத்தான் துளை.
இழையின் முனை தடிமன்;
அவ்வளவு பக்கத்தில் இரண்டைச் செருக இடமில்லை.
"அப்போது மற்றதன் தொலைவு?"
"பக்கத்தில் இருப்பதன் தொலைவையே
அதற்கும் எழுதிவிடுவோம்.
பெரும்பாலும் சரியாக இருக்கும்."

பெரும்பாலும்.
அது கொத்தையே சேராமல்
பாதி வழியில் தனியே நிற்பதாகவும் இருக்கலாம்.
வானம் ஆழத்தைக் காட்டுவதில்லை.

மலையிறங்கும் மூன்றாம் வளைவில்
தங்கை ஒஃபேலியா நினைவுக்கு வந்தாள்.
ஒரே சுவரின் அந்தப் பக்கம் குடியிருக்கிறாள்.
யார் விசாரித்தாலும்
"அவளுக்கென்ன, என்னைப் போலத்தான், நன்றாக இருக்கிறாள்"
என்று சொல்லியே நான்கு வருடம் போய்விட்டது.

வாசலில் சாவியை எடுத்தாள்.
விரல் நுனியில் அலுமினியத்தின் சாம்பல் பூச்சு.
சுவருக்கப்பால் குழாய் திறந்து மூடும் சத்தம்.
சாவியைப் பையில் போட்டுவிட்டு
பக்கத்துக் கதவுவரை நடந்தாள்.
ஏழு எட்டு.

இன்னும் தட்டவில்லை.