மீட்டர் மேலே இருக்கிறது

ஜேக்கப்ஸில் பழைய பெட்ரோல் தொட்டியைத்
தோண்டி எடுக்கிறோம்.
முதல் நாள் மண் மூக்குக்கு இனித்தது.
மூன்றாம் நாள் வாசமே இல்லை.
காற்று தேறிவிட்டது என்றேன்.
சிபுசிசோ சிரித்தான்:
"செத்தது உன் மூக்கு."

பென்சீன் மீட்டர்
சூப்பர்வைசர் சட்டையில், குழிக்கு மேலே, நிழலில்.
ஆவியோ கனமானது,
மேலே ஏறிப் போய் யாரையும் பார்க்காது,
எங்களோடு கீழேயே உட்காரும்.
மீட்டர் கத்தவில்லை என்று எழுதி
எங்களிடம் கையெழுத்து வாங்கினார்கள்.
முகமூடி வடிகட்டிக்கு
ஆகஸ்டோடு ஆயுள் முடிந்தது.

மீர்பேங்கில்
வாசலில் பூட்ஸைக் கழற்றுகிறேன்.
உள்ளே, டிக்.
நிர்வாஷ்னி அடுப்பை அணைக்கிறாள்.
நான் குளித்து வரும்வரை
பாதி வெந்து நிற்கும் கறி.

இன்று
இரண்டாவது முறையும் குளிக்கச் சொன்னாள்.