நாலு மில்லிமீற்றர்

குருநகர் இறங்குதுறையில்
படகேற்றும் பாரந்தூக்கியின் இழுகோல்.
வரைபடத்தில் இருபத்தைந்து மில்லிமீற்றர் விட்டம்.
துருவைச் சுரண்டி வேணியர் வைத்தால்
இருபத்தொன்று.
நாலு, உப்பின் பங்கு.

கொப்பியை முழங்காலில் வைத்து எழுதுகிறேன்.
படகு இரண்டு தொன். தூக்கியின் கைச்சாய்வு
அதை மும்மடங்காக்கிக் கோலுக்குக் கொடுக்கும்:
அறுபதாயிரம் நியூற்றன்.
குறுக்குவெட்டு முந்நூற்று நாற்பத்தாறு.
வகுத்தால் தகைப்பு நூற்றெழுபத்து மூன்று.
இந்த உருக்கு இளகத் தொடங்குவது இருநூற்றைம்பதில்.
இடைவெளி இருக்கிறது. பெரிதில்லை.

"நேற்றும் தூக்கினதுதானே, மிஸ்," என்கிறார் மரியநேசன்.
"முந்தநாளும்."
வாடை தொடங்க முன்னம் பதினொரு படகு
கரையேற வேண்டும் அவருக்கு.
பதினோராவது, கொளுக்கிக்குக் கீழே
அலையில் ஆடிக்கொண்டு நிற்கிறது.

விகாரம் என்ற சொல்லை முதலில்
மூன்றாம் பாடவேளையில் படித்தேன்:
தோன்றல், திரிதல், கெடுதல்.
வாழையும் பழமும் சேர, நடுவில் ஓர் ஒற்று முளைக்கும்.
மரமும் வேரும் சேர, மகரம் காணாமற்போகும்.
ஐந்தாம் பாடவேளை பௌதிகம்.
அதே சொல், கரும்பலகையில் வேறு கையெழுத்தில்:
நீட்சியை நீளத்தால் வகு.
இடையில் கன்ரீனில் ஒரு றோல்ஸ் தின்றதால்
இரண்டும் ஒன்றென்று தோன்றவில்லை:
இன்னொன்றோடு கொளுவுப்பட்ட பின்
இருந்தபடி இராமை.

"கொளுக்கியைக் கழட்டுங்கோ. வெறுங்கோலை அளக்க வேணும்."
யூலியான் நாடாவின் மற்ற நுனியைப் பிடிக்கிறான்.
துளை நடுவிலிருந்து துளை நடுவுக்கு
இரண்டு மீற்றர் என்கிறது வரைபடம்.
நாலு மில்லிமீற்றர் கூட.
திரும்ப அளந்தேன். வெயிலோ என்று பார்த்தேன்;
இந்த வெயில் அரை மில்லிமீற்றருக்கு மேல் தராது.
நாலு.
மீளக்கூடியதெல்லாம் மீண்ட பிறகும்.

"எப்ப கூடப் பாரம் ஏத்தினியள்?"
"நாங்களோ? இல்லையே."
விடையிலிருந்து கேள்விக்கு நடந்தேன்.
இருநூற்றைம்பதைச் சற்றே தாண்டியிருக்க வேண்டும்.
இருநூற்றறுபது என்று வை.
பரப்பால் பெருக்கு, சாய்வின் மூன்றால் வகு.
மூன்று தொன்.
"படகு இரண்டு. மற்றத் தொன் என்ன, அண்ணை?"

மரியநேசன் கடலைப் பார்த்தார்.
பதில் நாடாவின் மற்ற நுனியிலிருந்து வந்தது.
"தண்ணி, மிஸ்.
போன கார்த்திகைப் புயலுக்கை படகு தாண்டுபோச்சு.
இறைக்க நேரமில்லை. தண்ணியோடை தூக்கினவை.
நான் எஞ்சினுக்குக் கீழை, கால் மாட்டுப்பட்டு."

சதுர மில்லிமீற்றருக்குப் பத்து நியூற்றன் மிகை.
அதை எழுத என் படிவத்தில் நிரல் இல்லை.
இருந்த நிரலில், சிவப்பு மையில்,
பாவனைக்கு உதவாது என்று எழுதினேன்.
திகதி போட்டேன்.
மரியநேசன் ஒவ்வோர் எழுத்தாக ஒப்பமிட்டார்.

பதினோராவது படகைப் பனங்குற்றிகளில் உருட்டினார்கள்.
ஒரு பக்கம் எட்டுப் பேர். மறுபக்கம் ஏழு.
கொப்பியைக் கல்லுக்கடியில் வைத்துவிட்டுப் போனேன்.
தோளில் விழுந்த சிவப்பு
இரண்டு நாளில் மறைந்தது.

புதுக்கோல் வந்துவிட்டது.
பழையதுக்கு இரும்புக்காரன்
கிலோக் கணக்கில் விலை கேட்டு நிற்கிறானாம்.
யூலியான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.